உப்பிட்டவருக்கு உண்மை உரைத்தல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். நாகர்கோவிலைப் பூர்வீகமாகக் கொண்டவர். திருவனந்தபுரத்திலேயே சட்டம் பயின்று, வஞ்சியூர் நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர். பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வழக்கமாக உபநிஷத வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, முடிந்ததும் வணங்கிவிட்டு அமைதியாகச் செல்பவர். அன்று நேரே என் அறைக்கு வந்து, 'சுவாமிஜி, எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்றார்.

மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, உடலில் குறை ஒன்றும் இல்லை. அவருடைய அலுவலகத்திலேயே ஊழியர்களின் மன நலத்திற்காக மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள், அதிலும் சேர்ந்தார். 'மூச்சு சீராகிறது சுவாமிஜி, மனம் சீராகவில்லை' என்றார்.

காரணத்தை மெல்லச் சொன்னார். அவருடைய நிறுவனத்தில் தூய்மைப் பணி செய்யும் பெண்கள் ஏறக்குறைய நாற்பது பேர். அவர்கள் ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்கள். மாதந்தோறும் அவர்கள் கூலியில் வருங்கால வைப்பு நிதிக்காகப் பணம் பிடிக்கப்பட்டது. ஆனால் பதினான்கு மாதங்களாக ஒப்பந்தக்காரர் அதை நிதியில் செலுத்தவில்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மா ஒருநாள் அன்பரின் மேசைக்கு வந்து கைப்பேசியில் தம் கணக்கைக் காட்டி, 'சாரே, இதில் ஏன் ஒன்றும் ஏறவில்லை?' என்று கேட்டார். அடுத்த வாரம் மேலதிகாரி அன்பரை அழைத்து, 'ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு நாம் எவ்வகையிலும் பொறுப்பல்ல என்று ஒரு சட்டக் கருத்து எழுதிக் கோப்பில் வைத்துவிடுங்கள்' என்றார்.

பொறுப்பு உண்டு என்பதை அன்பர் அறிவார். ஒப்பந்தக்காரர் செலுத்தத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே செலுத்தவேண்டும் என்பது வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் நெடுநாளைய நெறி. அவர் எழுதவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவின் கண்ணில் படாமலிருக்க, பின்புறப் படிக்கட்டு வழியாக அலுவலகத்திற்குச் செல்லத் தொடங்கினார்.

நான் சட்டென்று கீதையின் வழியில் ஒரு பதில் சொன்னேன்: 'கடமையைச் செய்யுங்கள், பலனை இறைவனிடம் விட்டுவிடுங்கள்.' அவர் பணிவாகவே கேட்டார்: 'எது கடமை என்று தெரிந்தால் செய்துவிடுவேனே, சுவாமிஜி! சம்பளம் தருபவர் சொல்வதை எழுதுவது கடமையா, சட்டம் சொல்வதை எழுதுவது கடமையா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதானே பாட்டி சொல்லிக் கொடுத்தாள்?'

என்னிடம் உடனே விடை இல்லை. அவருடைய கேள்வி என் பதிலைவிட ஆழமானது என்பது மட்டும் புரிந்தது. அதன்பின் நான் படித்ததையும் சிந்தித்ததையும் இங்கே அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். சட்ட அதிகாரிகளுக்கு மட்டுமன்றி, கணக்காளர், பொறியாளர், மருத்துவர் என ஊதியம் பெற்றுக்கொண்டு அறிவுரை வழங்கும் அனைவருக்கும் இது பொருந்தும்.

கறுப்பு அங்கியைக் களைந்தவர்

நிறுவனத்திற்குள் பணிபுரியும் சட்ட அதிகாரியின் நிலை விசித்திரமானது. அவர் சட்டம் கற்றவர். ஆனால் சட்டத்தின் பார்வையில் தொழில் செய்யும் வழக்கறிஞர் அல்லர். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது விதி, வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருத்தல் கூடாது என்கிறது. வேலையில் சேர்பவர் அதை பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். இமாசலப் பிரதேச மின்வாரியத்தின் சட்ட அதிகாரி ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியை உறுதி செய்தது.

அண்மையில் இன்னொரு தீர்ப்பும் வந்துள்ளது. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் நம்பிச் சொன்னவற்றை வெளியிடுமாறு வழக்கறிஞரைக் கட்டாயப்படுத்த இயலாது என்பது பழைய நெறி. அந்தக் காப்பு நிறுவனத்தின் உள்ளே இருக்கும் சட்ட அதிகாரிக்குக் கிடைக்குமா என்ற கேள்விக்கு, 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் 'கிடைக்காது' என்று விடையளித்தது. நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் அவர் தெரிவிப்பவற்றுக்கு வேறொரு பிரிவின்கீழ்ப் பாதுகாப்பு உண்டு. முதலாளிக்கும் அவருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2010இல், வணிகப் போட்டிச் சட்ட விசாரணைகளைப் பொறுத்தவரை, இதையொத்த முடிவுக்கே வந்தது. அது கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது: சம்பளம் பெறும் வழக்கறிஞர் தம் முதலாளியைப் பொருளாதார அளவில் சார்ந்திருக்கிறார், ஆதலால் வெளியிலுள்ள வழக்கறிஞருக்கு இருக்கும் சுதந்திரம் இவருக்கு இருக்க இயலாது.

நம் அன்பர் இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது. 'எனக்குச் சுதந்திரம் இல்லை என்று நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. அப்படியிருக்க, சுதந்திரமான கருத்தை நான் எப்படி எழுதுவது?'

ஏவப்படாதவர் யார்?

இந்தக் கேள்விக்கு வெகு அருகில் வரும் இடம் ஒன்று தைத்திரீய உபநிஷதத்தில் உள்ளது. கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் அறிவுரை கூறுகிறார். உண்மை பேசு, அறத்தைச் செய், கற்பதைக் கைவிடாதே என்றெல்லாம் சொன்ன பிறகு, ஒரு நடைமுறைச் சிக்கலையும் எண்ணிப் பார்க்கிறார். எது செய்யத் தக்கது என்பதில் உனக்கு ஐயம் வந்தால் என்ன செய்வாய்? நன்கு ஆராயக் கூடியவர்கள், கடுமை இல்லாதவர்கள், அறத்தையே விரும்புபவர்கள் அத்தகைய சூழலில் எவ்வாறு நடப்பார்களோ, அவ்வாறே நீயும் நட என்கிறார்.

அப்பெரியோருக்கு அவர் கூறும் தகுதிகளுள் ஒன்று 'ஆயுக்தர்' என்பது. இச்சொல்லுக்கு ஆதிசங்கரர் தம் உரையில் 'பிறரால் ஏவப்படாதவர்' என்று பொருள் தருகிறார். அறிவுரை வேண்டுமென்றால் பிறர் ஏவலுக்கு உட்படாதவரிடம் செல் என்பது கருத்து. ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே!

ஆனால் சங்கரர் அங்கேயே நின்றுவிடவில்லை. அறத்தை விரும்புபவர் என்ற சொல்லை விளக்கும்போது, ஆசையினால் தாக்குண்டு வீழாதவர் என்கிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஏவுபவர் வெளியே மட்டும் இல்லை. சம்பளமே வாங்காத ஒருவர் புகழாசையால் ஏவப்படலாம். வெளியிலிருக்கும் வழக்கறிஞர், அடுத்த வழக்கும் தம்மிடமே வரவேண்டும் என்ற எண்ணத்தால் ஏவப்படலாம். துறவியும் தம்மைப் போற்றும் கூட்டத்தால் ஏவப்படலாம். ஊதியம் ஒரு கயிறு என்பதில் ஐயமில்லை. ஆனால் கயிற்றின் மறுமுனை நம் உள்ளத்திலுள்ள அச்சத்திலும் ஆசையிலும் கட்டப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் வெளியே தெரியும் முனையைப் பார்த்துத்தான் விதி செய்ய முடியும். உள்முனையை அவிழ்ப்பது அவரவர் வேலை.

விழித்திருந்த மன்னன்

இதற்கு மகாபாரதத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன. பீஷ்மரும் விதுரரும் ஒரே அரண்மனையின் உப்பை உண்டவர்கள். திரௌபதி சபையில் கேள்வி கேட்டபோது, அறத்தின் போக்கு நுட்பமானது என்று கூறி, முடிவான விடை தராமல் நின்றார் பீஷ்மர். போர் தொடங்கும் முன் தம்மை வணங்க வந்த யுதிஷ்டிரரிடம், மனிதன் பொருளுக்கு அடிமை, நான் கௌரவர்களின் பொருளால் கட்டுண்டவன் என்று மனம் வருந்தி ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய ஞானி, அவ்வளவு பெரிய வீரர்! அவரையும் உப்பு கட்டிவிட்டது.

விதுரர் அதே சபையில் எழுந்து, இது அறமன்று என்று சொன்னார். பாண்டவர்கள் காட்டுக்குச் சென்றபின் திருதராஷ்டிரன் கேட்டபோதும் அதையே சொன்னார். மன்னன் சினந்து, உனக்கு விருப்பமான இடத்திற்குப் போ என்றான். விதுரர் காம்யக வனத்துக்குப் போனார். மன்னன் மனம் வருந்தி அழைத்தபோது, மனத்தில் பகை வைக்காமல் திரும்பி வந்தார். வந்த பிறகும் மாற்றிப் பேசவில்லை. பதவி போனபோது அவர் உடையவில்லை. திரும்பக் கிடைத்தபோது அதற்காக விலை கொடுக்கவும் இல்லை.

பிறகு ஓர் இரவு. சஞ்சயன் தூது போய்த் திரும்பியிருக்கிறான். திருதராஷ்டிரனுக்குத் தூக்கம் வரவில்லை. விதுரரை வரவழைத்து, உறக்கமின்றித் தவிக்கும் எனக்கு நல்லதைச் சொல் என்கிறான். யாருக்கெல்லாம் தூக்கம் வராது என்று விதுரர் எடுத்துக் கூறி, பிறர் பொருளை விரும்பியதால் உனக்கு இந்த நிலை வரவில்லையே என்று கேட்கிறார். விதுர நீதி என்று நாம் போற்றும் பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. அதற்கு மகாபாரதம் தரும் பெயரே பிரஜாகரம், அதாவது விழித்திருத்தல்.

அங்கே தூக்கம் வராதவன் மன்னன். அறிவுரை கூறியவர் அல்லர். உண்மை அறிந்தவர் அதைச் சொல்லிவிட்டால் சுமை, முடிவெடுக்க வேண்டியவரிடம் சென்றுவிடுகிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் மன்னனின் விழிப்பு அமைச்சரைப் பிடித்துக்கொள்கிறது. நம் அன்பருக்கு நேர்ந்தது இதுதான்.

இந்நகரத்தில் பிறந்த ஒரு நாடகம்

அறிவுரை கூறுபவரின் அறத்தைப் பற்றித் தமிழில் எழுந்த சிறந்த நாடகம் ஒன்றும் இந்தத் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையது. இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என வழங்கும் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897). அவர் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தைத் தமிழ்த்தாய் வாழ்த்து இடம்பெற்ற நூலாகத்தான் பெரும்பாலோர் அறிவர். ஆனால் அதன் கதை, தவறான ஆலோசனையால் ஓர் அரசு அழிவின் விளிம்புக்குச் செல்வதைப் பற்றியது.

பாண்டியன் சீவகன் நல்லவன். ஆனால் தன் அமைச்சன் குடிலனை ஆராயாமல் நம்புகிறான். குடிலன் மன்னன் விரும்புவதையே அறிவுரையாக்கித் தருகிறான். தலைநகரை மாற்றுவது முதல் சேரனோடு போர் மூள்வது வரை அவன் சொற்படியே நடக்கிறது. நாராயணன் என்ற உண்மை ஊழியன் எச்சரிக்கிறான். மன்னனின் சினத்துக்கும் ஆளாகிறான். குடிலன், நாராயணன் இருவருமே மன்னனின் உப்பைத் தின்றவர்கள்தாம். அந்த உப்புக்கு உரிய நன்றி எது என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள்.

இங்கே பாட்டி சொன்ன பழமொழிக்கு வருவோம். உப்பிட்டவரை நினை என்றுதான் அது சொல்கிறது. உப்பிட்டவர் கேட்பதையெல்லாம் எழுதிக் கொடு என்று சொல்லவில்லை. நினைப்பது என்றால் அவர் நலத்தை நினைப்பது. மேலும், ஒரு நிறுவனத்தில் உப்பிடுபவர் யார்? மேலதிகாரி தம் பையிலிருந்து சம்பளம் தருவதில்லை. அவரும் சம்பளம் வாங்குபவரே. பங்குதாரர், வாடிக்கையாளர், தொழிலாளர் என எத்தனையோ பேரின் முதலும் உழைப்பும் சேர்ந்துதான் அந்த உப்பு. அதிகாலையில் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த அம்மாவின் கைகளும் அதில் உண்டு. சட்ட அதிகாரியின் கட்சிக்காரர் நிறுவனமே அன்றி, அதில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கும் தனிமனிதர் அல்லர்.

மௌனத்தின் விலை

'எல்லாருக்கும் வாதாட உரிமை உண்டே! குற்றவாளிக்கும் வழக்கறிஞர் வாதாடுகிறார். நான் என் நிறுவனத்திற்காக எழுதினால் என்ன தவறு?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடுபவருக்கு எதிரே இன்னொரு வழக்கறிஞர் இருக்கிறார். மேலே நீதிபதி இருக்கிறார். செயல் முன்பே நடந்து முடிந்திருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் உரிமை அவருக்கு இருப்பது, மறுபக்கத்தைச் சொல்ல வேறொருவர் இருப்பதால்தான். நிறுவனத்தின் அறைக்குள் எதிர்த்தரப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை. செயல் இனிமேல்தான் நடக்கப்போகிறது. அந்த அறையில் சட்டம் பேசுவதற்கு வாய்த்த ஒரே குரல் அவருடையது. ஆகவே அவர் நீதிமன்ற வழக்கறிஞரைவிடக் குறைந்த பொறுப்புடையவர் அல்லர், கூடுதல் பொறுப்புடையவர்.

அந்தக் குரல் ஒலிக்கவேண்டிய நேரத்தில் ஒலிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் அண்மைக்கால எடுத்துக்காட்டு உள்ளது. அங்குள்ள அஞ்சல் நிறுவனம் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதிலிருந்த பிழைகளால் கிளை அஞ்சலக நடத்துநர்களின் கணக்கில் பணம் குறைவதாகத் தோன்றியது. அவர்கள் திருடியதாகவும் பொய்க்கணக்கு எழுதியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமேதான். நிறுவனம் நம்பியிருந்த தொழில்நுட்பச் சாட்சி, தாம் அறிந்த பிழைகளைச் சொல்லாமல் விட்டார் என்று வெளி வழக்கறிஞர் ஒருவர் 2013இலேயே எழுத்து மூலம் எச்சரித்தார். தண்டிக்கப்பட்டவர்களின் கைக்கு அந்தக் கடிதம் வந்து சேர 2020 ஆயிற்று. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இதனால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று விசாரணை ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இவ்வளவு பெரிய தீங்கு நேர்வதற்குக் கொடியவர்கள் பலர் கூடவேண்டியதில்லை. நேற்று எழுதிய கடிதத்தோடு இன்றைய கடிதம் பொருந்தவேண்டும் என்று எண்ணுபவர்கள், கோப்பைத் தள்ளிப் போடுபவர்கள், இது என் பிரிவு அல்ல என்பவர்கள் சிலர் போதும்.

நலம் எங்கே இருக்கிறது?

வழக்கறிஞர்களின் மன நலம் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2016இல் அமெரிக்காவில் 12,825 வழக்கறிஞர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. அவர்களுள் 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஏறக்குறைய ஐவரில் ஒருவரின் குடிப்பழக்கம் கவலைக்குரிய நிலையில் இருந்தது. இத்தகைய செய்திகள் வரும்போது நிறுவனங்கள் தியான வகுப்பு நடத்துகின்றன, விடுமுறை தருகின்றன. இவை நல்லவையே. மனச்சோர்வு நோயாக முற்றியவர் தயங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொன்றைச் சுட்டுகிறது. நான்கு அமெரிக்க மாநிலங்களைச் சேர்ந்த 6,200க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களிடம், அவர்களுக்கு மகிழ்ச்சி தருவது எது என்று ஆராய்ந்தார்கள். வருமானம், கல்லூரியில் பெற்ற மதிப்பெண், நிறுவனத்தின் பெருமை ஆகியவற்றுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. தாம் நம்பும் நெறிப்படி செயல்பட முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு உள்ள உறவு, தம் பணியைத் திறம்படச் செய்கிறோம் என்ற நிறைவு ஆகிய மூன்றே வலுவான காரணங்களாக இருந்தன. குறைந்த ஊதியத்தில் பொதுச் சேவை செய்த வழக்கறிஞர்கள், பெருஞ்சம்பளம் வாங்கியவர்களைவிட நிறைவாக வாழ்ந்தார்கள்.

நம் முன்னோர் மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்றுபடுவதை வாய்மை என்றனர். அறிவது ஒன்று, எழுதுவது ஒன்று, நடப்பது வேறொன்று என்றால் மனிதன் தனக்குள்ளேயே பிளவுபடுகிறான். அந்தப் பிளவை மூச்சுப் பயிற்சியால் மட்டும் மூடிவிட இயலாது. தியானம் செய்யச் செய்ய மனம் தெளியும். தெளிந்த நீரில் அடியில் கிடக்கும் முள் இன்னும் நன்றாகத் தெரியும். நம் அன்பருக்குப் பயிற்சி வகுப்பு பலிக்காமல் போகவில்லை. அது முள்ளைக் காட்டியது.

ஊழியராகச் சென்ற ஒரு பாரிஸ்டர்

இனி, தொழிலில் வளர்வது என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். 1893இல் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், தென்னாப்பிரிக்காவிலுள்ள ஓர் இந்திய வணிக நிறுவனத்தின் வழக்குக்கு உதவ ஏறக்குறைய ஓராண்டு ஒப்பந்தத்தில் சென்றார். ஊதியம் 105 பவுன். முதல் வகுப்புப் பயணச் செலவும் உணவும் இருப்பிடமும் தனி. பாரிஸ்டராக அன்றி, நிறுவனத்தின் ஊழியராகவே தாம் சென்றதாக அவரே பின்னாளில் எழுதினார். அவர்தான் மகாத்மா காந்தி. தாதா அப்துல்லாவின் நிறுவனம் அது. இன்றைய சொல்லில், காந்திஜி அப்போது நிறுவனத்தின் உள் சட்ட ஆலோசகர்.

வழக்கு முழுவதும் கணக்கைப் பற்றியது. கடனுறுதிச் சீட்டைக் குறிக்கும் சுருக்கெழுத்துக்கூட அவருக்குப் புரியவில்லை. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. கணக்கியல் நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். இரு தரப்பு ஆவணங்களையும் வரிவரியாக ஆராய்ந்தார். உண்மைகளை முழுமையாக அறிந்தால் சட்டம் தானே துணைக்கு வரும் என்று கண்டுகொண்டார். தம் கட்சிக்காரரின் பக்கம் வலுவானது என்று தெரிந்தும், வழக்கு நீண்டால் இரு தரப்பும் அழியும் என்பதை உணர்ந்து, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இணங்கச் செய்தார். எதிர்த்தரப்பினர் சுமார் 37,000 பவுனும் செலவும் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரே தவணையில் கட்டினால் அவர் நொடித்துப் போவார். வென்ற தம் முதலாளியிடமே பேசி, நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார் காந்திஜி. எதிராளியை இணங்க வைத்ததைவிட இதுவே கடினமாக இருந்தது என்கிறார் அவர். பிரிந்தவர்களைச் சேர்ப்பதே வழக்கறிஞரின் உண்மையான பணி என்பதை அந்த வழக்கில்தான் கற்றார்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, கற்றல். அரைகுறை அறிவு அச்சத்தை வளர்க்கும். முழு அறிவு துணிவைத் தரும். 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் மீண்டும் மாணவராக வேண்டிய காலம் இது. கற்பதைக் கைவிடாதே என்ற உபநிஷத ஆசிரியரின் சொல் தொழிலுக்கும் பொருந்தும். இரண்டாவது, முதலாளியின் நலத்தை முதலாளியைவிடத் தொலைவு பார்ப்பது. மூன்றாவது, எதிரே இருப்பவரும் வாழவேண்டும் என்ற பரிவு. இம்மூன்றும் வளர்வதே தொழில் வளர்ச்சி. பதவி உயர்வு அதனோடு சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

சொல்வது, கையெழுத்திடுவது, விலகுவது

குடும்பப் பொறுப்பு இல்லாத துறவி இப்படியெல்லாம் எழுதுவது எளிது என்பதை நான் மறக்கவில்லை. அன்பரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள்; வீட்டுக் கடன் இருக்கிறது. வேலையை உதறிவிடுங்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

மூன்று படிகள் உண்டு என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்வது முதற்படி. இது எப்போதும் கடமை. மென்மையாகவும், தனியாகவும், செய்யக்கூடிய மாற்று வழியோடும் சொல்லலாம். முடிவு மேலதிகாரியுடையது, விதுரர்கூட மன்னனின் முடிவைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யில் கையெழுத்திடாமல் இருப்பது இரண்டாம் படி. இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. விலகுவது மூன்றாம் படி. தீமையின் கருவியாகத் தொடர்வதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலையில்தான் அது வருகிறது. பெரும்பாலோர் முதற்படியில் கால் வைக்காமலேயே மூன்றாம் படியை நினைத்து நடுங்குகிறார்கள்.

நிறுவனத்தை நடத்துபவர்களுக்கும் இதில் கடமை உண்டு. இடித்துச் சொல்பவர் அருகில் இல்லாத அரசன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்று நம் திருக்குறள் எச்சரிக்கிறது. சட்ட அதிகாரி இயக்குநர் குழுவிடம் நேரே பேச வழி இருக்க வேண்டும். விரும்பாத கருத்தை எழுதியதற்காக அவருடைய உயர்வு தடைபடக் கூடாது. மூச்சுப் பயிற்சி வகுப்பைவிட இதுவே அவருடைய நலத்துக்கு முதன்மையான ஏற்பாடு.

அன்பர் மூன்று மாதங்களுக்குப் பிறகு மீண்டும் வந்தார். இரண்டு பக்கக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில், பொறுப்பு நிறுவனத்துடையதே என்று ஐயமின்றி எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் வழி சொல்லியிருந்தார்: தொழிலாளரின் பங்கை நிறுவனம் இப்போது செலுத்திவிடலாம், அந்தத் தொகையை ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. மேலதிகாரி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு அன்பரின் பணி மதிப்பீடு முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. ஆறு மாதப் பாக்கி நிதியில் ஏறிவிட்டது. எஞ்சியது இன்னும் பேச்சில் இருக்கிறது.

'இப்போது தூக்கம் வருகிறதா?' என்று கேட்டேன்.

'சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. மதிப்பீட்டை நினைத்தால் கவலைதான் சுவாமிஜி. ஆனால் இப்போது முன்படிக்கட்டு வழியாகவே போகிறேன்' என்றார்.

அந்த அம்மா தினமும் துடைத்து வைக்கும் படிக்கட்டு அது. அதில் தலைநிமிர்ந்து ஏறிச் செல்லும் வலிமையை இறைவன் நம் எல்லாருக்கும் அருள்வானாக!